டாக்டரிடம் பேச மகளைக் கூட்டிப் போகாதீர்கள்: மெல்பேர்னுக்குப் புதிதாக வந்த ஆண்களுக்கு

டண்டினோங் பக்கம் வீடு எடுத்தவர்களுக்கு, வியட்நாம்காரர் நிறைய வாழும் ஸ்பிரிங்வேல் ரயிலில் சில நிமிடம்தான். 1975க்குப் பிறகு வந்த வியட்நாம் அகதிகளில் நிறையப் பேர் முதலில் தங்கியது அங்கிருந்த எண்டர்பிரைஸ் ஹாஸ்டல் என்ற குடியேறிகள் விடுதியில். நமக்கு முன்னால் இந்தப் பாடெல்லாம் பட்டவர்கள்.

அங்குள்ள மருந்துக்கடைகளில் வயதான ஆண்கள் பார்மசிஸ்டிடம் தங்கள் மொழியிலேயே நின்று பேசுவதைப் பார்க்கலாம். மொழி தெரிந்த டாக்டர், எஸ்பிஎஸ் வானொலியின் வியட்நாம் நிகழ்ச்சி, இவையும் உண்டு. ஆனால் பல வீடுகளில் கடிதத்தைப் பிரித்து வாசிப்பதும், டாக்டருக்குப் போன் போடுவதும் மனைவிதான். நம் வீடுகளிலும் அதே கதைதானே.

என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்த வியட்நாம்காரர் ஒருவர் தலையிடி வந்தால் தைலம் தடவி, காசால் முதுகைச் சுரண்டுவிப்பார். சிவந்த கோடுகள் கழுத்து வரை தெரியும். உடம்பில் புகுந்த கெட்ட காற்று இறங்கிவிட்டது என்பார். அது பரவாயில்லை. மலத்தோடு ரத்தம் போவதை மட்டும் பல மாதம் டாக்டரிடம் சொல்லவில்லை. மொழிபெயர்க்க வருவது மகள். பிள்ளைக்கு முன்னால் அதை எப்படிச் சொல்வது என்று என்னிடம் கேட்டார். அன்று என்னிடம் பதில் இல்லை.

பதில் இதுதான். டிஸ் நேஷனல் என்ற அரசாங்க மொழிபெயர்ப்புச் சேவை இருக்கிறது. எண் 131 450. உங்களிடம் மெடிகேர் என்ற அரசாங்க மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், ஜிபி எனப்படும் குடும்ப டாக்டர் அந்தச் சேவையைக் கூப்பிட அவருக்கும் செலவில்லை, உங்களுக்கும் செலவில்லை. போனிலேயே தமிழர் ஒருவர் வருவார். ஆண் வேண்டும் என்றும் கேட்கலாம். கேட்டதை அவர் வெளியில் சொல்லக் கூடாது.

50 வயதிலிருந்து 74 வரை, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, குடல் புற்றுநோய்ச் சோதனைப் பெட்டி இலவசமாகத் தபாலில் வரும். 45 முதல் 49 வரை உள்ளவர்கள் கேட்டு வாங்கலாம். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைத் தேடும் சோதனை அது. வீட்டிலேயே எடுத்து அனுப்ப வேண்டியதுதான். அருவருப்பாக இருக்கிறது என்று அலுமாரிக்கு மேல் வைத்துவிடாதீர்கள், தயவுசெய்து. ஆனால் ரத்தம் கண்ணுக்கே தெரிகிறதென்றால் பெட்டிக்குக் காத்திருக்க வேண்டாம், நேரே டாக்டரிடம் போங்கள்.

வியட்நாம் ஆண்களிடம் டாக்டர்கள் ஹெபடைடிஸ் பி என்ற ஈரல் தொற்று பற்றிக் கேட்பார்கள். ஈரலை அரிக்கும் வரை அது காட்டிக்கொள்ளாது. நமக்குச் சீனி வருத்தமும் இதய வருத்தமும். அதுவும் அப்படித்தான், சத்தமில்லாமல் வரும். ரத்தப் பரிசோதனையை நீங்களே கேளுங்கள்.

சரி, ஆங்கிலம் வராதே என்று தயங்க வேண்டாம். அப்பாயின்ட்மென்ட் போடும்போது "டமில் இன்டர்பிரெட்டர், ப்ளீஸ்" என்றால் போதும்.