செடி வைத்த மீன் தொட்டியில் பாசியா? முதலில் விளக்கைப் பாருங்கள்

தொட்டி வைத்த மூன்றாம் மாதம், அனுபியாஸ் என்ற நீர்ச்செடியின் இலை ஓரமெல்லாம் கறுப்பாக முடி முளைத்தது. தேய்த்தால் போகாது, பிய்த்தால் இலையும் சேர்ந்து வரும். கருந்தாடிப் பாசி. பாசியைக் கொல்லும் என்று கடையில் கொடுத்த குளூட்டரால்டிஹைடு திரவத்தை ஊற்றினேன். பாசி அசையவில்லை, வாலிஸ்னேரியா செடிதான் கரைந்து போனது. அதற்கப்புறம் பலித்த வழி இது. என்னுடையது இரண்டடித் தொட்டி, சுமார் 55 லிட்டர், கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் கிடையாது.

1. எந்தப் பாசி?
புதுத் தொட்டியில் பழுப்புப் படலம் என்றால் டயாட்டம் என்ற நுண்பாசி. துடைத்துவிடுங்கள், சில வாரங்களில் தானே அடங்கும். தண்ணீரே பச்சையானால் மூன்று நான்கு நாள் போர்வை போட்டு மூடி இருட்டாக வையுங்கள். மற்றதற்கெல்லாம் கீழே உள்ளதுதான்.

2. விளக்கு
நான் கோட்டை விட்டது இங்கேதான். எழுந்ததும் போடுவேன், படுக்கும்போது அணைப்பேன். மீன் அழகாகத் தெரிய வேண்டுமே! கணக்குப் பார்த்தால் 14 மணி நேரம். செடிக்கு வெளிச்சத்தோடு கார்பன் டை ஆக்சைடும் உரமும் வேண்டும். அவை பற்றாமல் செடி நின்றுவிட்டால், மிச்ச வெளிச்சம் முழுக்கப் பாசிக்குத்தான்.

ஆறு மணி நேரம் போதும். மாலை 4 முதல் 10 வரை வைத்தால் நீங்களும் வீட்டில் இருப்பீர்கள். கையால் போட்டு அணைப்பேன் என்று நம்பாதீர்கள், டைமர் வாங்குங்கள். ஆறு மணி நேரமாகக் குறைத்தும் எனக்குப் பாசி குறையவில்லை. மேற்கு ஜன்னல் வெயில் தொட்டியில் விழுவதை ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் கவனித்தேன். பின்பக்கம் கறுப்புச் சார்ட் ஒட்டியதும் வித்தியாசம் தெரிந்தது.

சேர்க்கை: டைமர் வைத்தும் விளக்கு நள்ளிரவில் எரிகிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். முள் சுற்றும் டைமர் கரண்ட் போனால் நின்றுவிடும், நேரம் பின்தங்கும். உள்ளே பேட்டரி உள்ள டிஜிட்டல் டைமரே நல்லது.

3. இருப்பதை ஒழிப்பது
பாசி அப்பிய பழைய இலைகளை வெட்டிவிடுங்கள். மிச்சத்துக்கு மருந்துக்கடை ஹைட்ரஜன் பெராக்சைடு. பாட்டிலில் 6% என்று இருந்தால் அதே அளவு ஆர்.ஓ. தண்ணீர் கலந்து 3% ஆக்கிக்கொள்ளுங்கள். ஃபில்டரை நிறுத்தி, சிரிஞ்சால் பாசிமேல் மெதுவாக விடுங்கள். நான் தொட்டியில் உள்ள 4 லிட்டர் தண்ணீருக்கு 1 மில்லி என்ற கணக்குக்கு மேல் போனதில்லை. பத்து நிமிடம் கழித்து ஃபில்டரைப் போட்டு, மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள். சில நாளில் கறுப்பு இளஞ்சிவப்பாக மாறினால் செத்துவிட்டது என்று அர்த்தம். மாஸ் (moss) செடியோ இறாலோ உள்ள தொட்டியில் இதைச் செய்யாதீர்கள்.

4. பட்டினி போடுவது
தீனியைப் பாதியாக்குங்கள். வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றுங்கள். வேகமாக வளரும் செடி நிறைய வையுங்கள். நான் மணி பிளாண்ட் கொடியின் வேரைத் தொட்டிக்குள் தொங்கவிட்டிருக்கிறேன். நைட்ரேட்டை உறிஞ்ச அதைவிட மலிவான ஆள் கிடையாது.

பாசி தின்ன என்று சக்கர் மீனைத் தலையில் கட்டுவார்கள். வாங்காதீர்கள், ஓரடிக்கு மேல் வளரும். நெரைட் நத்தை போதும். ஏற்கெனவே வாங்கியாயிற்று, ஏரியில் விடலாமா என்று இன்னொருவர் கேட்டார். கூடவே கூடாது. தென்னமெரிக்க மீன் அது, இங்கே நீர்நிலைகளில் பெருகி வலையைக் கிழிக்கிறது. கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துப் பாருங்கள்.