"அண்ணா, இது புக்ல எங்க இருக்கு?": புது டீஎம்கள் ஹவுஸ் ரூல் வைப்பது எப்படி

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) என்பது ஆளுக்கொரு கற்பனைக் கேரக்டரை எடுத்து, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம். அதில் நான் டீஎம் (டன்ஜன் மாஸ்டர், ஆட்டத்தை நடத்துபவர்) ஆன இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை. பெங்களூரு அல்சூரில் நண்பர் வீட்டு மொட்டை மாடி, ஐந்து பேர், ஒரு டப்பா முறுக்கு. ஒயிட்ஃபீல்டிலிருந்து பர்ப்பிள் லைன் மெட்ரோ பிடித்து வந்த மதுரைத் தம்பி எதிரியைத் தாக்க இருபது பக்கப் பகடையை உருட்டினான். 1 விழுந்தது. "கை வழுக்கி வாள் கீழ விழுந்துடுச்சு, எடுக்க ஒரு ஆக்‌ஷன் போகும்" என்றேன். (ஆக்‌ஷன் என்றால் ஒரு சுற்றில் ஒருவர் செய்யக்கூடிய முக்கிய வேலை.) எல்லாரும் சிரித்தார்கள். அவன் மட்டும் சிரிக்கவில்லை. "அண்ணா, இது புக்ல எங்க இருக்கு?"

எங்கேயும் இல்லை. கல்லூரியில் நான் ஆடிப் பழகிய குழுவில் அப்படித்தான் ஆடினோம். அதுதான் விதி என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். புத்தகத்தில் இல்லாமல் ஒரு மேசை தானாக வைத்துக்கொள்ளும் விதிதான் ஹவுஸ் ரூல். அதை வைக்க அதன் பிறகு நான் பழகிக்கொண்ட முறை இது. டி அண்ட் டி-யை வைத்துச் சொல்கிறேன்.

1. எந்தப் புத்தகம் என்று சொல்லிவிடுங்கள்

"ஐந்தாம் பதிப்பு" என்று மட்டும் சொன்னால் போதாது. ஆடுபவர்களுக்கான விதிப் புத்தகமான பிளேயர்ஸ் ஹேண்ட்புக் 2014-இல் வந்தது ஒன்று, 2024-இல் திருத்தி வந்தது இன்னொன்று. 2014 விதிப்படி ஹீலிங் போஷன் (காயம் ஆற்றும் மருந்து) குடிக்க முழு ஆக்‌ஷன் செலவாகும். குடித்தால் அந்தச் சுற்றில் வாள் வீச முடியாது. பல மேசைகளில் இது பிடிக்காமல், ஆக்‌ஷனோடு கூடுதலாகச் செய்யக்கூடிய சிறு வேலையான போனஸ் ஆக்‌ஷனாக மாற்றி ஆடினார்கள். 2024 புத்தகத்தில் அதுவே விதியாகிவிட்டது. ஒருவருக்கு ஹோம்ப்ரூவாக, அதாவது மேசையில் உருவாக்கிய விதியாகத் தெரிவது பக்கத்தில் இருப்பவருக்குப் புத்தக விதி. இரண்டு பேருமே சரிதான்.

காசு கொடுத்து வாங்காமல் தொடங்க வழி உண்டு. எஸ்ஆர்டி என்ற அடிப்படை விதித் தொகுப்பு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசம்: 2014 விதிகளுக்கு 5.1, 2024 விதிகளுக்கு 5.2. முதல் சில மாதங்களுக்கு அது தாராளம்.

2. விதி என்று நினைப்பதையெல்லாம் மூன்றாகப் பிரியுங்கள்

புத்தகத்தில் இருப்பது, விருப்பமிருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று புத்தகமே கொடுத்திருப்பது, நாமாகப் போட்டது. இரண்டாவது குவியலைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறோம். எதிரியை இரண்டு பக்கமும் மறித்து நின்றால் அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிப் பெரியதை எடுத்துக்கொள்ளும் சலுகை) கிடைக்கும் என்று பலர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். 2014-இன் டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடில் அது விருப்ப விதி மட்டுமே. டீஎம் 'வேண்டும்' என்று சொன்னால்தான் உண்டு.

20 விழுந்தால் எதுவும் நடக்கும் என்பது இன்னொன்று. புத்தகப்படி அது தாக்குதல் உருட்டலுக்குத்தான். பூட்டைத் திறப்பது, காவலரை ஏமாற்றுவது போன்ற திறன் உருட்டலில் 20 என்பது வெறும் 20. அதோடு கேரக்டரின் திறன் எண்ணைச் சேர்த்த கூட்டுத்தொகை, டீஎம் வைத்த இலக்கை எட்டவில்லை என்றால் தோல்விதான். ஆனால் 2023-இல் வந்த பால்டர்ஸ் கேட் 3 கணினி விளையாட்டில் 20 விழுந்தால் அங்கேயும் வெற்றி. அதை ஆடிவிட்டு உங்கள் மேசைக்கு வருகிறவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அதுதான் டி அண்ட் டி. (இந்த இடத்தில் என் வழக்கம்: 20 விழுந்தாலும் நடக்காத காரியம் என்றால் உருட்டவே சொல்லமாட்டேன்.)

3. மாற்றும் முன் யார் தலையில் விழுகிறது என்று கணக்குப் போடுங்கள்

நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை இதுதான். என்னுடைய 'வாள் விழும்' விதியையே எடுத்துக்கொள்வோம். ஒரு உருட்டலில் 1 விழ 5 சதவீத வாய்ப்பு. கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கிறது, இல்லையா? ஃபைட்டர் (வாள்வீரர், தம்பி எடுத்திருந்தது இதுதான்) 5-ஆம் லெவலில் ஒரு சுற்றுக்கு இரண்டு முறை தாக்குவார். ஒரு 1-ஆவது விழும் வாய்ப்பு கிட்டத்தட்ட 10 சதவீதம். 11-ஆம் லெவலில் மூன்று தாக்குதல், 14 சதவீதம். நான்கு சுற்றுச் சண்டை என்றால் பன்னிரண்டு உருட்டல், 46 சதவீதம். அதாவது ஆள் தேறத் தேற வாளைத் தவறவிடுவதும் கூடுகிறது. ஊரிலேயே பெரிய வாள்வீரர் இரண்டு சண்டைக்கு ஒரு தடவை வெறுங்கையோடு நிற்கிறார்!

விஸார்ட் (மந்திரவாதி) என்ன செய்கிறார்? ஃபயர்பால் மந்திரம் போடுகிறார். அதற்குத் தாக்குதல் உருட்டலே கிடையாது, எதிரிதான் உருட்ட வேண்டும். என் விதி அவரைத் தொடவே இல்லை. சிரித்தவர்களில் விஸார்டும் ஒருவர் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. தம்பிக்குக் கோபம் விதி கடுமையாக இருந்ததால் வரவில்லை. முன்பே தெரிந்திருந்தால் அவன் ஃபைட்டரையே எடுத்திருக்கமாட்டான்.

4. ஒரே பக்கத்தில் எழுதி, கேரக்டர் உருவாக்கும் முன் அனுப்புங்கள்

தாயத்தில் எங்கள் வீட்டில் ஒரு வெட்டாவது போட்டால்தான் காய் உள்ளே போகலாம். அத்தை வீட்டில் வெட்டே தேவையில்லை. இது தெரியவருவது எப்போதும் காய் பழமாகப் போகிற நேரத்தில்தான். அதற்கு மருந்து முன்கூட்டியே எழுதிவைப்பது. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் மேலே பின் செய்திருப்பது இவ்வளவுதான்:

"2014 புத்தகம். போஷன் குடிப்பது போனஸ் ஆக்‌ஷன். இருபக்கம் மறித்தால் அட்வான்டேஜ் கிடையாது. திறன் உருட்டலில் 20 தானாக வெற்றி ஆகாது. இங்கே எழுதாதது எல்லாம் புத்தகப்படி."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். ஐந்து மாற்றத்துக்கு மேல் போனால் புது ஆள் படிக்கமாட்டார். அப்போது எதை நீக்குவது என்று யோசியுங்கள். இந்திராநகர், கோரமங்களா கஃபேக்களில் முன்பின் தெரியாதவர்களோடு ஒரு நாள் ஆட்டம் நடத்தினால் மாற்றமே வேண்டாம். ஆளுக்கொரு மேசையில் பழகி வந்தவர்களுக்குப் பொதுவாக இருப்பது புத்தகம் ஒன்றுதான்.

5. ஆட வருகிறவர் கொண்டுவருவது

இணையத்தில் கிடைத்த கிளாஸை (ஃபைட்டர், விஸார்ட் போன்ற கேரக்டர் வகை) யாராவது நீட்டினால் உடனே தலையாட்ட வேண்டாம். பிளட் ஹன்டர் என்ற கிளாஸ் ஆட்டத்தின் அதிகாரபூர்வத் தளமான டி அண்ட் டி பியாண்டிலேயே இருக்கிறது, ஆனால் அதிகாரபூர்வமானது அல்ல. அன்எர்த்ட் ஆர்க்கானா என்று வருபவை டி அண்ட் டி-யை வெளியிடும் நிறுவனமே வெளியிடுபவை என்றாலும் சோதனைக்கானவை. "மூணு வாரம் ஆடிப் பாக்கலாம், சரிவரலன்னா மாத்திக்கலாம்" என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

6. நடு ஆட்டத்தில் சந்தேகம் வந்தால்

இரண்டு நிமிடம் தேடுங்கள். கிடைக்கவில்லையா, ஆடுபவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டு நகருங்கள். வீட்டுக்குப் போய்ப் படித்துவிட்டு குழுவில் போடுங்கள். புதிய முடிவால் யாருடைய கேரக்டராவது அடிபட்டால், அதை மாற்றி அமைக்க அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுங்கள்.

தம்பிக்கு நான் அந்த வாய்ப்பைக் கொடுத்தேன், அவன் மறுத்துவிட்டு ஃபைட்டராகவே இருக்கிறான். வாள் விழும் விதியை எடுத்துவிட்டோம். இப்போது 1 விழுந்தால் தண்டனை எதுவும் இல்லை, எப்படித் தவறியது என்று ஆடுபவரே சொல்லவேண்டும். போன மாதம் அவன் வீசிய வீச்சு ஆர்க் என்ற அரக்கனை விட்டுவிட்டு அடுப்பில் கொதித்த குழம்புச் சட்டியைப் பிளந்தது. அவனாகச் சொன்னதுதான்.