கண்ணாடிக் குழாயை வெட்டி வளைப்பது எப்படி? ஆய்வகத்தில் முதன்முறை செய்பவர்களுக்கு

பள்ளி ஆய்வகத்தில் வாயு தயாரிக்கும் சோதனை எதை எடுத்தாலும், குடுவையிலிருந்து வாயுவைக் கொண்டுபோக வளைந்த கண்ணாடிக் குழாய் ஒன்று வேண்டியிருக்கும். வளைத்த குழாய் விலைக்குக் கிடைக்கும்தான். ஆனால் நமக்கு வேண்டிய நீளத்திலும் கோணத்திலும் கிடைப்பது அபூர்வம். நேர்க்குழாயை எடுத்து நாமே வளைத்துக்கொள்வது மேல். அவசரப்படாமல் உட்கார்ந்தால் சில குழாய்களிலேயே கை பழகிவிடும்.

புதிதாகச் செய்பவர்கள் சுடரைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். சுடர் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் கை தானாகவே விலகிக்கொள்ளும். காயம் படும் இடங்கள் வேறு: குழாயை உடைக்கும்போது, சூடு ஆறாததை எடுக்கும்போது, தக்கையில் செருகும்போது. அந்த இடங்களில் கொஞ்சம் விரிவாகவே எழுதியிருக்கிறேன். மாணவர்கள் என்றால் ஆசிரியர் பக்கத்தில் நின்றால் மட்டும் செய்யுங்கள்.

எந்தக் கண்ணாடி?

வளைப்பதற்கு ஏற்றது சோடா கண்ணாடி. இது சுமார் 700 டிகிரி செல்சியஸில் நன்றாக இளகும். ஆய்வகத்து எரிவாயு அடுப்பான புன்சன் அடுப்பின் சூடு இதற்குப் போதும். சோதனைக் குழாயும் பீக்கரும் பெரும்பாலும் போரோசிலிக்கேட் கண்ணாடியில் செய்யப்படுபவை. அது இளக 800 டிகிரிக்கு மேல் வேண்டும். சாதாரண அடுப்பில் வைத்தால் கை வலிப்பதுதான் மிச்சம். ஆகவே உடைந்த சோதனைக் குழாயை வளைத்துப் பழகலாம் என்று நினைக்காதீர்கள்.

அதே சமயம் சோடா கண்ணாடிக்கு ஒரு பலவீனம் உண்டு. சூட்டில் அது போரோசிலிக்கேட்டைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு விரிவடையும். அதனால் திடீரென்று சூடாக்கினாலோ குளிரவைத்தாலோ விரிசல் விடும். கீழே வரும் ‘மெதுவாக’ என்ற சொல்லுக்கெல்லாம் காரணம் இதுதான்.

முதல் முயற்சிக்கு 6 முதல் 8 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய் வசதி. குழாய் காய்ந்திருக்க வேண்டும், உள்ளே அழுக்கோ ஏற்கெனவே விட்ட கீறலோ இருக்கக்கூடாது.

மேசையில் என்னென்ன இருக்க வேண்டும்?

புன்சன் அடுப்பு, முக்கோண அரம், தடித்த துணி, ஒன்றிரண்டு பீங்கான் ஓடுகள், உடைசல் போட ஒரு தனி டப்பா. பழைய ஆய்வகங்களில் அஸ்பெஸ்டாஸ் அட்டை கிடக்கும். அதைத் தொடவே வேண்டாம், அதன் தூசி நுரையீரலுக்குக் கேடு. ஆல்கஹால், அசிட்டோன் பாட்டில்கள் அந்த மேசையிலேயே இருக்கக்கூடாது. பாதுகாப்புக் கண்ணாடி போட்டு, முடியைக் கட்டி, பருத்தி உடையில் வாருங்கள். செயற்கை இழைத் துணி தீப்பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

வெட்டுதல்

வெட்டுதல் என்று சொல்கிறோமே தவிர, உண்மையில் இது அளவாக உடைப்பது. குழாயை மேசைமேல் படுக்கவைத்து, வெட்ட வேண்டிய இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் தடவுங்கள். அரத்தின் விளிம்பை வைத்து அழுத்தி ஒரே தடவை முன்னால் தள்ளுங்கள். ரம்பம்போல முன்னும் பின்னும் இழுத்தால் பல கீறல்கள் விழும், உடைப்பு கோணலாகும். சில மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு கீறல் விழுந்தால் போதும். சுற்றிவரக் கீற வேண்டியதில்லை.

அடுத்து, குழாயைத் துணியால் சுற்றிப் பிடியுங்கள். கீறல் உங்களுக்கு எதிர்ப்புறம் பார்த்திருக்க வேண்டும். இரண்டு கட்டைவிரல்களும் கீறலுக்கு நேர் பின்னால், உங்கள் பக்கம், அருகருகே இருக்கட்டும். கட்டைவிரல்களால் முன்னோக்கித் தள்ளிக்கொண்டே, இரு கைகளையும் பக்கவாட்டில் விலக்கி இழுங்கள். ‘டிக்’ என்று சத்தம் வந்து சமமாகப் பிரியும்.

பிரியவில்லையா? பலத்தைக் கூட்டாதீர்கள். அதே கீறலில் அரத்தை இன்னொரு முறை ஓட்டிவிட்டு மறுபடி முயலுங்கள். உள்ளங்கையில் கண்ணாடி ஏறுவது இந்த இடத்தில் முரட்டுத்தனம் காட்டும்போதுதான். இரண்டு கைக்கும் பிடி கிடைக்காத அளவுக்குச் சின்னத் துண்டு வேண்டுமென்றால், அதை அனுபவசாலியிடம் விட்டுவிடுங்கள்.

கூர்முனையை மழுக்குதல்

வெட்டிய விளிம்பு கத்தி. அதை அப்படியே பயன்படுத்தவே கூடாது.

அடுப்பின் காற்றுத் துளையைத் திறந்தால் நீலச் சுடர் வரும், மூடினால் மஞ்சள் சுடர். வேதியியலாளர் புன்சனும் கருவி செய்பவரான டெசாகாவும் 1855 வாக்கில் இந்த அடுப்பை ஜெர்மனியின் ஹைடல்பெர்கில் வடிவமைத்ததே கரி படியாத, சூடான நீலச் சுடர் வேண்டும் என்பதற்காகத்தான். நமக்கு இரண்டு சுடருமே உதவும். மஞ்சளில் காட்டிக் குழாயை மெதுவாகச் சூடேற்றிவிட்டு, பிறகு நீலச் சுடருக்கு மாற்றுங்கள். உள்ளே தெரியும் நீலக் கூம்பின் நுனிக்குச் சற்று மேலேதான் சூடு அதிகம். விளிம்பை அங்கே சாய்வாகக் காட்டி, விரல்களால் உருட்டிக்கொண்டே இருங்கள்.

சற்று நேரத்தில் கண்ணாடியைச் சுற்றிச் சுடர் பளீரென்று மஞ்சளாகும். அது கண்ணாடியிலுள்ள சோடியத்தின் நிறம். அப்போது விளிம்பை உற்றுப் பாருங்கள். வெள்ளைக் கோடாகத் தெரிந்த கூர்மை மங்கி, ஈரம் பட்டது மாதிரி ஒரு மினுமினுப்பு வரும். அவ்வளவுதான், எடுத்துவிடலாம். இன்னும் கொஞ்சம் இருக்கட்டும் என்று விட்டால் துளை சுருங்கி அடைத்துக்கொள்ளும்.

சூடான கண்ணாடியும் ஆறிய கண்ணாடியும் ஒன்றுபோலத்தான் இருக்கும்

சிவப்பு மறைந்த பிறகும் கண்ணாடியில் சில நூறு டிகிரி சூடு இருக்கும். பார்த்தால் தெரியாது. கண்ணாடி வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்துவதால், நடுவில் இளகிக்கொண்டிருக்கும் குழாயின் ஓரத்தை வெறுங்கையால் பிடிக்க முடிகிறது. நம்மை ஏமாற்றுவதும் அதே குணம்தான். ஓரம் ஆறியிருக்கிறதே என்று நடுவில் தொட்டுவிடுவோம்.

எனவே ஒரு பீங்கான் ஓட்டைச் சூடானவற்றுக்கென்றே ஒதுக்கி, ‘சூடு’ என்று எழுதிவையுங்கள். பத்து நிமிடமாவது அதில் கிடக்கட்டும். எடுக்கும் முன் புறங்கையைத் தொடாமல் அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள், அனல் அடித்தால் இன்னும் ஆறவில்லை. சீக்கிரம் ஆறட்டும் என்று தண்ணீரில் போட்டால் வெடித்துவிடும். சூடான முனைகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்திருக்கும்படி வைப்பதும் நல்ல பழக்கம்.

சுட்டுவிட்டால் உடனே குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பனிக்கட்டி, பற்பசை எதுவும் வேண்டாம். கொப்புளம் பெரிதாக இருந்தால் மருத்துவரிடம் போங்கள்.

வளைத்தல்

வளைவு அழகாக வர, குழாயில் 5 சென்டிமீட்டர் நீளமாவது சீராக இளக வேண்டும். இதற்காக அடுப்பின் வாயில் மாட்டும் மீன்வால் மூடி ஒன்று உண்டு. அது சுடரை அகலமாக விரித்துத் தரும். அது இல்லையென்றால் குழாயைச் சுடரில் சாய்வாகப் பிடித்து, இடமும் வலமும் நகர்த்துங்கள்.

இரு கைகளாலும் குழாயை ஒரே வேகத்தில் உருட்ட வேண்டும். ஒரு கை முந்தினால் இளகிய பகுதி முறுக்கிக்கொள்ளும். அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே ஒரு பென்சிலை வைத்து இந்த உருட்டலைப் பழகிக்கொள்ளுங்கள்.

குழாய் தன் எடையிலேயே தொய்யத் தொடங்கும். கை அதை உணரும். இந்த நேரத்தில் எல்லோருக்கும் உடனே வளைத்துவிடத் தோன்றும். வேண்டாம். இன்னும் சில சுற்று உருட்டி, நன்றாக இளகியதும் சுடரிலிருந்து வெளியே எடுங்கள். ஒரு நொடி பொறுத்து, இரு முனைகளையும் மெதுவாக மேல்நோக்கித் தூக்குங்கள். இளகிய பகுதி கீழே தொங்கி, வளைவு தானாக உருவாகும். சுடருக்குள் வைத்தே வளைத்தாலோ, சூடு போதாமல் வளைத்தாலோ, மடங்கிய ரப்பர் குழாய்போல உள்பக்கம் நசுங்கிவிடும். வாயு போகும் வழி அங்கே குறுகிவிடும், அந்த இடம் எளிதில் உடையவும் செய்யும். அதைச் சரிசெய்ய மெனக்கெடாமல் புதுக் குழாயை எடுப்பதே என் வழக்கம்.

கோணம் சரியாக வந்ததும் இறுகும் வரை அசைக்காமல் பிடித்திருங்கள். பிறகு காற்றுத் துளையை மூடி, மஞ்சள் சுடரில் வளைவைக் காட்டிக் கரி படியும்வரை திருப்புங்கள். அவசரமாக ஆறினால் வெளிப்பக்கம் முதலில் இறுகி, உள்ளே இழுவிசை தங்கிவிடும். அப்படிப்பட்ட குழாய் நாளைக்கோ அடுத்த வாரமோ, யாரும் தொடாமலே பிளக்கலாம். மஞ்சள் சுடர் குழாய் குளிர்வதை மெதுவாக்குகிறது. ஆய்வகத்தில் இரண்டு போலராய்டு தகடுகள் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடுபவை) இருந்தால், ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்து நடுவில் ஆறிய குழாயைப் பிடித்துப் பாருங்கள். இழுவிசை தங்கிய இடம் இருட்டுக்கு நடுவே வெளிச்சமாகத் தெரியும்.

கூர்முனை இழுத்தல்

சொட்டு சொட்டாகத் திரவம் விட மெல்லிய முனை வேண்டுமா? மீன்வால் மூடியைக் கழற்றிவிட்டு, சாதாரணச் சுடரில் 1 அல்லது 2 சென்டிமீட்டரை மட்டும் உருட்டியபடி இளக்குங்கள். வெளியே எடுத்து, ஒரு நொடி விட்டு, இரு பக்கமும் நேர்க்கோட்டில் இழுங்கள். மெதுவாக இழுத்தால் தடித்த முனை, வேகமாக இழுத்தால் முடிபோன்ற இழை. ஆறியதும் வேண்டிய இடத்தில் அரத்தால் லேசாகக் கீறி ஒடித்து, முனையைச் சுடரில் ஒரு கணம் மட்டும் காட்டி எடுங்கள்.

தக்கையில் செருகுதல்

வேலை முடிந்தது என்று நினைக்கும் இந்த நேரத்தில்தான் கை கிழிகிறது. குழாயின் முனை மழுங்கியிருக்கிறதா, முழுக்க ஆறிவிட்டதா என்று முதலில் பாருங்கள். துளையிலும் குழாயிலும் கிளிசரின் தடவுங்கள், இல்லையென்றால் சோப்புத் தண்ணீர். இரண்டு கைகளையும் துணியால் மூடி, குழாயைத் தக்கைக்கு மிக அருகில் பிடியுங்கள். வளைவைப் பிடித்துத் தள்ளவே கூடாது. திருகித் திருகி, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விடுங்கள். தக்கைக்குப் பின்னால் உள்ளங்கையை வைக்காதீர்கள். இறுக்கமாக இருந்தால் துளையைப் பெரிதாக்குங்கள். பழைய தக்கையில் ஒட்டிப்போன குழாயை இழுத்து எடுக்கப் போராடாமல், தக்கையை வெட்டி எடுத்துவிடலாம்.

மாட்டியாகிவிட்டதா? தக்கையைக் காலிக் குடுவையில் பொருத்தி, குழாயின் மறுமுனையைத் தண்ணீரில் அமிழ்த்தி, குடுவையை இரு உள்ளங்கைகளாலும் பொத்திப் பிடியுங்கள். கைச்சூட்டில் உள்ளிருக்கும் காற்று விரிந்து குமிழி வர வேண்டும். வரவில்லை என்றால் எங்கேயோ கசிகிறது. பெரும்பாலும் தக்கையின் ஓரமாகத்தான் இருக்கும். அடுத்த அளவு தக்கையைப் போட்டுப் பாருங்கள்.