புது வீட்டில் பால் காய்ச்சும் முன்: ஜெர்மனிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

வாடகை வீட்டின் சாவி கைக்கு வந்ததும் நம் ஆட்கள் செய்கிற முதல் வேலை பால் காய்ச்சுவது. ஜெர்மனியில் அதற்கே கொஞ்சம் முன்னேற்பாடு வேண்டும். இங்கே பல வீடுகளில் சமையலறை என்றால் நாலு சுவரும் ஒரு தண்ணீர்க் குழாயும்தான். அடுப்பையும் நாமே வாங்கி வைக்க வேண்டும். ஷ்டுட்கார்ட் பக்கம் நாங்கள் குடிவந்தபோது, ஒற்றை மின்சார அடுப்பு ஒன்றை இரவல் வாங்கித் தரையில் வைத்து, சாமி படத்தைச் சன்னல் திட்டில் சாய்த்து, பால் காய்ச்சினோம். பால் நன்றாகவே பொங்கியது. ஆனால் அதில் காபி கலந்து ஒரு வாய் குடித்த என் மனைவி, ஒன்றும் சொல்லாமல் டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். காய்ச்சி ஆறி, திரும்பத் திரும்பச் சுட வைத்த பாலில் வருமே, அந்த வாடை.

ஏன் அப்படி என்று புரிய எனக்கு ஏழெட்டு மாதம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு நாள் ஆக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். இந்த நாட்டில் மிக நல்ல பால் கிடைக்கிறது. ஆனால் அது கண்ணில் முதலில் படுகிற இடத்தில் இருக்காது.

அன்று நான் வாங்கியது, பிஸ்கட் அடுக்குக்குப் பக்கத்தில், குளிர்ப்பெட்டிக்கு வெளியே அடுக்கி வைத்திருந்த அட்டைப் பெட்டிப் பால். பெட்டியில் எச் என்ற எழுத்து பெரிதாக இருக்கும். ஜெர்மன்காரர்கள் அதை ‘ஹா-மில்ஷ்’ என்பார்கள். குறைந்தது 135 டிகிரியில் சில நொடிகள் சூடாக்கி அடைத்த பால். பிரிக்காமல் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது, விலையும் குறைவு. அவ்வளவு சூட்டில் பாலிலுள்ள புரதம் மாறி, அந்தக் ‘காய்ந்த’ வாடை வந்துவிடுகிறது. நாம் அதை மறுபடியும் காய்ச்சும்போது வாடை இன்னும் ஏறுகிறது. அவசரத்துக்கு ஒரு பெட்டி வீட்டில் இருக்கட்டும், தப்பில்லை. பாயசம், பால்கோவா என்று நெடுநேரம் காய்ச்சும் பண்டங்களில் அது தெரியவே தெரியாது. காபிக்கு மட்டும் வேண்டாம்.

அடுத்து, கடையின் குளிர்ப்பெட்டி. இங்கேதான் புதியவர்கள் இரண்டாவது முறை ஏமாறுகிறார்கள். ‘ஃபிரிஷெ ஃபோல்மில்ஷ்’, அதாவது புதிய முழுப்பால் என்று எல்லாப் பெட்டியிலும் போட்டிருக்கும். ஆனால் அதில் இரண்டு வகை உண்டு. ‘லெங்கர் ஹால்ட்பார்’ என்று எழுதியிருந்தால் அது கூடுதல் நாள் தாங்குவதற்காகப் பக்குவப்படுத்திய பால். குளிரில் மூன்று வாரம் வரை இருக்கும். ‘ட்ராடிட்சியோனெல் ஹேர்கெஷ்டெல்ட்’ என்றால் பழைய முறையில் 72 முதல் 75 டிகிரியில் 15 முதல் 30 நொடி மட்டும் சூடாக்கிய பால். ஒரு வாரம், பத்து நாள்தான் தாங்கும். இரண்டாவதுதான் நமக்கு வேண்டியது. முன்பக்க எழுத்து குழப்பினால் பொடி எழுத்தைப் பாருங்கள். ‘பாஸ்டோய்ரிஸீர்ட்’ என்று மட்டும் இருந்தால் நல்லது. ‘ஹோஹெர்ஹிட்ஸ்ட்’ என்று இருந்தால் கூடுதலாகச் சூடாக்கியது. எழுத்தே படிக்க நேரமில்லையா, தேதியைப் பாருங்கள்: இன்றிலிருந்து மூன்று வாரம் தள்ளிப் போட்டிருந்தால் திரும்ப வைத்துவிடுங்கள்.

பழைய முறைப் பால் இப்போது எல்லாக் கடையிலும் இருப்பதில்லை. அல்டி, லிடில் போன்ற மலிவு விலைக் கடைகளில் தேடுவதைவிட ரேவே, எடேகா மாதிரி பெரிய கடைகளிலும், அல்நாடுரா போன்ற இயற்கைப் பொருள் கடைகளிலும் தேடுவது பலன் தரும்.

சரி, கொழுப்புக்கு வருவோம். “பால் தண்ணியா இருக்கு” என்று ஊரிலிருந்து வருகிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஆவின் பச்சைப் பாக்கெட்டில் கொழுப்பு 4.5 சதவீதம், ஆரஞ்சில் 6, நீலத்தில் 3. இங்கே முழுப்பால் என்று விற்பது பெரும்பாலும் 3.5 சதவீதம். அதாவது இந்த ஊர் முழுப்பால் நம் ஊர் நீலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பச்சையில் பழகிய நாக்குக்கு அது தண்ணீர்தான். ‘ஃபெட்டார்ம்’ என்றால் 1.5 சதவீதம், அதைத் தவறி எடுத்துவிடாதீர்கள். 3.8 என்று போட்ட பால் கிடைத்தால் அதை எடுங்கள். அப்புறம், எருமைப்பாலில் வளர்ந்தவர்கள் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். எருமைப்பாலில் கொழுப்பு 7 சதவீதத்தை ஒட்டி இருக்கும். கள்ளிச்சொட்டு மாதிரி பால் என்று பாட்டி சொன்னது பெரும்பாலும் அந்தப் பாலைத்தான். எவ்வளவு நல்ல பசும்பாலிலும் அந்தத் திடத்தைத் தேடக் கூடாது. பசும்பாலுக்கு வேறு ருசி, மெல்லிய இனிப்போடு.

திடம் வேண்டும் என்பவர்களுக்கு என் கைப்பக்குவம் இது. ‘ஷ்லாக்ஸானெ’ என்று 200 மில்லி டப்பாவில் கிரீம் விற்கும். அதில் கொழுப்பு 30 சதவீதம். 3.5 சதவீதப் பால் ஒரு லிட்டருக்கு 40 மில்லி, அதாவது ஏறக்குறைய மூன்று மேசைக்கரண்டி, சேர்த்துக் காய்ச்சினால் கணக்குப்படி 4.5 வந்துவிடும்: பச்சைப் பாக்கெட். அரை டப்பா சேர்த்தால் ஆரஞ்சுக்குப் பக்கத்தில் போகும். விருந்தாளி வந்தால் நான் அப்படித்தான் செய்கிறேன்.

கொழுப்பு சரியாக இருந்தும் ஆடை கட்டவில்லை என்றால் காரணம் வேறு. ஆலையில் பாலை மிகுந்த அழுத்தத்தில் நுண்ணிய துளை வழியே செலுத்திக் கொழுப்புத் துளிகளைப் பொடிப்பொடியாக உடைத்துவிடுகிறார்கள். உடைந்த கொழுப்பு மேலே மிதந்து வராது. காய்ச்சி ஆற வைத்தாலும் காகிதம் போல ஒரு தோல்தான் படியும். ‘நிஷ்ட் ஹோமோகெனிஸீர்ட்’ என்று எழுதியிருக்கிற பாலில் இதைச் செய்திருக்க மாட்டார்கள். நான் கடையில் தேடுவது முதலில் இந்த இரண்டு சொற்களைத்தான். டேமேட்டர் என்ற இயற்கை வேளாண்மை அமைப்பின் முத்திரை போட்ட பால் என்றால் படித்துப் பார்க்கவே வேண்டாம். அவர்கள் விதியிலேயே கொழுப்பை உடைக்கக் கூடாது. மாட்டின் கொம்பைத் தீய்க்கவும் கூடாது என்பது அவர்கள் விதி. கொம்போடு நிற்கிற மாட்டைப் படத்தில் பார்த்தாலே எனக்கு ஊர் ஞாபகம் வரும். இந்தப் பாலை ஊற்றும் முன் பாட்டிலை நன்றாகக் குலுக்குங்கள். இல்லையென்றால் முதல் டம்ளருக்கு ஏடு முழுவதும் போய், கடைசி டம்ளர் வெளுத்துப் போகும்.

‘ஹொய்மில்ஷ்’ என்று இன்னொன்று உண்டு, வைக்கோல் நிறப் படங்களோடு. புல்லும் உலர்புல்லும் தின்று, புளிக்க வைத்த தீவனமே தின்னாத மாட்டின் பால். 2016இலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் இந்தப் பெயருக்குப் பாதுகாப்புத் தந்திருக்கிறது. வாடை குறைவு, மணம் சுத்தம். கிடைத்தால் ஒரு முறை வாங்கிப் பாருங்கள். விலைதான் கொஞ்சம் கூட.

இன்னொரு எச்சரிக்கை. “இந்த ஊர்ப் பால் இனிக்கிறதே, சர்க்கரை போடுவார்களா” என்று கேட்பவர்கள் வாங்கியிருப்பது அநேகமாக ‘லாக்டோஸெஃப்ரை’ பால். பால் சர்க்கரையை நொதியால் இரண்டாகப் பிரித்திருப்பார்கள். அதனால் நாக்குக்கு இனிப்பு தூக்கலாகத் தெரியும். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது நல்ல பால்தான். மற்றவர்களுக்குத் தேவையில்லை.

இதுவரை சொன்னது கடைப் பால். உண்மையில் நான் சொல்ல ஆசைப்படுவது இனிமேல்தான்.

கைப்பேசி வரைபடத்தில் ‘மில்ஷ்டாங்க்‌ஷ்டெல்லெ’ என்று தேடுங்கள். பெட்ரோல் போடுகிற இடத்துக்குச் சொல்கிற அதே சொல், பாலுக்கு. பண்ணை வாசலில் சின்ன மரக்குடில் ஒன்று இருக்கும். உள்ளே எஃகுப் பெட்டி. பெரும்பாலும் ராத்திரி பகல் எந்நேரமும் திறந்திருக்கும். எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் இருபது நிமிடத்தில் ஒன்று இருக்கிறது. முதல் தடவை போனது நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. மூச்சு விட்டால் புகையாகத் தெரிகிற குளிர். காசு போட்டு, சின்னக் கதவைத் திறந்து, பாட்டிலைக் குழாய்க்கு நேராக வைத்து, கதவை மூடிப் பொத்தானை அழுத்தினேன். உள்ளே பால் விழுகிற சத்தம் கேட்டது. பாட்டிலின் கழுத்தில் நுரை ஏறி நின்றது. பத்தடி தள்ளித் தொழுவத்தில் ஒரு மாடு கழுத்தை நீட்டி என்னைப் பார்த்துக்கொண்டே அசை போட்டது. சிவப்பும் வெள்ளையுமாகத் திட்டுத் திட்டான மாடு. ஃப்ளெக்ஃபீ என்பார்கள், தென் ஜெர்மனியில் எங்கும் அதுதான். சாணி வாசனை, உலர்புல் வாசனை. ஊரில் விடிகாலை தூக்குச்சட்டியோடு பால் வாங்கப் போய் நின்ற எனக்கு அங்கிருந்து கிளம்ப மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து காய்ச்சி, ஆற வைத்து, மூடியைத் திறந்தால் மேலே மஞ்சளாக ஆடை. கரண்டியால் எடுத்தால் மடிந்து மடிந்து வந்தது. அன்று போட்ட காபிக்கு என் மனைவி இரண்டாவது டம்ளர் கேட்டாள்.

இந்தப் பாலுக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. இது ‘ரோமில்ஷ்’, பச்சைப் பால், சூடே காட்டாதது. பண்ணைக்காரர் தன் மாட்டுப் பாலை, தன் பண்ணையிலேயே, அன்றோ முந்தின நாளோ கறந்ததை மட்டும்தான் இப்படி விற்கலாம். “ரோமில்ஷ், ஃபோர் டெம் ஃபேர்ட்ஸேர் அப்கோஹென்” என்று பலகை வைத்தாக வேண்டும். பச்சைப் பால், குடிக்கும் முன் காய்ச்சவும் என்று பொருள். அந்தப் பலகையை மதியுங்கள். ருசி பார்க்கிறேன் என்று அங்கேயே ஒரு வாய் குடிக்க வேண்டாம். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வயதானவர்களுக்கும் காய்ச்சாமல் கொடுக்கவே கூடாது. காம்பிலோபாக்டர், ஈஹெக் போன்ற கிருமிகள் சுத்தமான பண்ணைப் பாலிலும் இருக்கலாம். ஈஹெக் சிறு குழந்தைகளின் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். நாமோ பாலைப் பொங்கக் காய்ச்சாமல் குடிக்காத கூட்டம். அந்தப் பழக்கத்தை இங்கே வந்து விட்டுவிடாதீர்கள். போகும்போது சில்லறை எடுத்துக்கொள்ளுங்கள். பல பெட்டிகள் வங்கி அட்டை வாங்காது. சுத்தமாகக் கழுவிய கண்ணாடி பாட்டிலும், கோடையில் ஒரு குளிர்ப்பையும் வேண்டும். வந்ததும் காய்ச்சி, ஆறியதும் குளிர்ப்பெட்டியில் வைத்து, இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுங்கள்.

தயிர் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கே உறை ஊற்றினால் புளிக்கவே மாட்டேன் என்கிறது என்று பலர் குறைப்படுகிறார்கள். கோளாறு உறையில் இருக்கிறது. டப்பாவில் ‘யோகுர்ட் மில்ட்’ என்று இருந்தால் அது புளிப்பு ஏறாத வகை நுண்ணுயிரால் செய்தது. ‘மில்ட்’ என்ற சொல் இல்லாத டப்பாவாகப் பார்த்து வாங்கி உறை ஊற்றுங்கள். துருக்கிக் கடைத் தயிரும் எனக்கு நன்றாக வந்திருக்கிறது. குளிர்காலத்தில் பாத்திரத்தை ஓவனுக்குள் வைத்து விளக்கை மட்டும் போட்டு விடுங்கள். காலையில் கட்டியாக இருக்கும். ஹா-மில்ஷில் ஊற்றினால் தயிர் கொழகொழவென்றுதான் வரும்.

பாட்டிலைத் தூக்கி எறியாதீர்கள். திரும்ப நிரப்பும் கண்ணாடிப் பால் பாட்டிலுக்கு 15 சென்ட் ‘ஃபாண்ட்’, முன்பணம். 2024 ஜனவரி முதல் ஒரு முறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பால் பாட்டிலுக்கும் 25 சென்ட் பிடிக்கிறார்கள். கடை வாசலில் உள்ள இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும். அட்டைப் பெட்டிக்கு இது கிடையாது.

புது வீட்டில் பால் காய்ச்ச நாள் குறித்திருந்தால், அது ஞாயிறா என்று பாருங்கள். அன்று கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை சாயங்காலமே பால் வாங்கி வையுங்கள், அல்லது காலையில் பண்ணைக்கு ஒரு நடை போய் வாருங்கள். அடுப்பு கண்ணாடித் தட்டு வகை என்றால், பொங்கி வழிந்த பால் காய்ந்து கருகும் முன் அடுப்பை அணைத்து, தட்டு ஆறியதும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். கிழக்குப் பக்கம் வழியட்டும் என்று பாத்திரத்தைச் சாய்த்து வைக்கிறவர்கள், தட்டின் விளிம்பைத் தாண்டி மரப்பலகைக்குள் பால் இறங்காதபடி ஒரு பழைய துண்டைச் சுற்றி வைத்துக்கொள்ளுங்கள்.