குதிரைக் கால் புண்ணில் சதை மேலெழும்பினால்

முள்கம்பி கிழித்த புண் உடம்பில் என்றால் பெரும்பாலும் நன்றாகவே ஆறிவிடும். முழங்காலுக்குக் கீழே என்றால்தான் கவலை. அங்கே தசை கிடையாது, தோலும் இறுக்கம், குதிரை அசைய அசையப் புண்ணும் இழுபடும். சிவந்த, முண்டும் முடிச்சுமான புதுச்சதை தோல் விளிம்பைத் தாண்டி எழும்பிவிட்டால், புதுத்தோல் அதன்மேல் ஏறி மூட முடியாது. புண் மாதக்கணக்கில் அப்படியே நிற்கும்.

பலர் உடனே மயில்துத்தத்தை எடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அது எழும்பிய சதையோடு, ஓரத்தில் மெல்லிய இளஞ்சிவப்புக் கோடாக வளரும் புதுத்தோலையும் பொசுக்கிவிடும். ஹைட்ரஜன் பெராக்சைடும் அப்படித்தான்.

கழுவ உப்புநீர் போதும். கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீருக்கு 9 கிராம் உப்பு, அதாவது தலைதட்டி ஒன்றரை தேக்கரண்டி. சிரிஞ்சில் எடுத்துப் பீய்ச்சுங்கள், தேய்க்க வேண்டாம். பிறகு புண்ணில் ஒட்டாத துணி, மேலே பஞ்சு, அதற்குமேல் கட்டு. கட்டு நனைந்தால் அன்றே மாற்றுங்கள்.

எழும்பிய சதையில் நரம்பு இல்லாததால் டாக்டர் அதைச் சீவும்போது குதிரைக்கு வலிக்காது. ஆனால் ரத்தம் நிறையக் கொட்டும், அதனால் நீங்களே கத்தி எடுக்காதீர்கள்.

மூட்டுக்குப் பக்கத்துப் புண்ணிலிருந்து மஞ்சளாக, விரலில் தொட்டால் நூல்போல இழுபடும் நீர் வந்தால், புண் சிறியதாகவே இருந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டது என்பதையும் சொல்லுங்கள். அந்த நோய் குதிரையை மாட்டைவிட எளிதில் தாக்கும்.