எலெக்ட்ரிக் யெலோ: வாயில் முட்டை எடுத்த நாளிலிருந்து குஞ்சு வளர்க்கும் வரை

வாயில் அடைகாக்கும் மீன் மட்டக்களப்புக்கும் அம்பாறைக்கும் புதிதல்ல. வாவியிலும் குளத்திலும் வலைக்குள் வரும் திலாப்பியாவும் அந்த இனம்தான். 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட மொசாம்பிக் திலாப்பியாவின் தாய், முட்டையை வாயில் அள்ளிக்கொண்டு குஞ்சு நீந்தும் வரை பட்டினி கிடக்கும். கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் ஆப்பிரிக்க சிக்லிட்டுகளில், அதாவது திலாப்பியாவின் குடும்பத்து மீன்களில், பலவும் இதையே செய்கின்றன.

தொடங்குகிறவர்கள் எலெக்ட்ரிக் யெலோவை எடுங்கள். மலாவி ஏரியின் பாறைக்கரை மீன் இது. எட்டு முதல் பத்து சென்ரிமீற்றர் வளரும், மலாவி மீன்களில் சாதுவானது. ஒராட்டஸ் என்ற இன்னொரு மலாவி மீனும் அழகுதான், ஆனால் அதன் ஆண் சிறிய தொட்டியில் மற்ற மீன்களை அடித்தே கொன்றுவிடும். முதல் மீனாக அது வேண்டாம். எலெக்ட்ரிக் யெலோவுடன் ரெட் ஸீப்ரா என்ற மலாவி மீனையும் சேர்க்க வேண்டாம். இரண்டும் கலந்து கலப்புக் குஞ்சு வரும். அதை யெலோ என்று நம்பி வாங்குபவர் ஏமாறுவார். ஒரு தொட்டிக்கு ஒரு இனம், அவ்வளவுதான்.

இந்த மீனை முட்டையிட வைப்பதற்கு எந்த வித்தையும் தேவையில்லை. தண்ணீரும் தீனியும் சரியென்றால் அது தானாக நடக்கும். குஞ்சு கைக்கு வருவதும் வராததும் நாள் கணக்கில் இருக்கிறது. ஆகவே தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு நாட்காட்டியைத் தொங்கவிடுங்கள்.

தொட்டியும் தண்ணீரும்

36×18×18 அங்குலத் தொட்டி காணும். விளிம்பு வரை ஊற்றினால் 190 லீற்றர் பிடிக்கும். மணலும் கல்லும் மேல் இடைவெளியும் போக, 160 லீற்றர் அளவு தண்ணீர் நிற்கும். கல்லை முதலில் அடிக்கண்ணாடியில் இருத்திவிட்டு அதன் பிறகு மணலைப் போடுங்கள். இந்த மீன் மணலைத் தோண்டும். மணலுக்கு மேல் கல்லை அடுக்கினால் ஒருநாள் அது சரிந்து கண்ணாடி உடையும். கழுவிய ஆற்று மணல் மூன்று சென்ரிமீற்றர் உயரத்துக்குப் போதும். கருங்கல், உடைந்த மண்சட்டி, பழைய கூரை ஓடு என்று எதையும் அடுக்கலாம். பெண் மீன் நுழைந்து மறையும் அளவில் ஆறேழு பொந்தாவது இருக்க வேண்டும். வடிகட்ட, எயார் பம்பில் ஓடும் பெரிய ஸ்பொஞ்ச் பில்டர் இரண்டு போடுங்கள்.

தண்ணீரின் பி.எச். 7.8க்கும் 8.5க்கும் இடையில் இருக்கட்டும். கரையோரக் கிணறுகள் பலவற்றின் தண்ணீர் இயல்பாகவே கடினமானது. கேத்தலின் அடியில் வெள்ளைப் படிவு கட்டினால் உங்கள் கிணறும் அப்படித்தான். அந்தத் தண்ணீரில் வேறொன்றும் கலக்கத் தேவையில்லை. மென்மையான தண்ணீரென்றால் 100 லீற்றருக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி, அப்பச்சோடா கரைத்துவிடுங்கள். பி.எச். இறங்காமல் பிடித்துவைக்கும் கார்பனேட் கடினத்தன்மை, அதன் அளவுகோலில் ஒன்றரைப் பாகைக்குச் சற்று அதிகமாக ஏறும். ஒரே நாளில் அதற்கு மேல் ஏற்ற வேண்டாம். கழுவி உடைத்த மட்டிச் சிப்பி ஒரு கைப்பிடியைத் துணிப்பையில் கட்டிப் பில்டருக்குப் பக்கத்தில் போட்டாலும் பி.எச். இறங்காமல் நிற்கும். கடற்கரைப் பவளக்கல்லில் கை வைக்க வேண்டாம், அதை எடுப்பது சட்டப்படி குற்றம்.

கிணறு பற்றி இரண்டு எச்சரிக்கை. கோடை முற்றும்போது கரையோரக் கிணறு சில உவர்க்கும். நாக்கில் உப்புத் தெரிந்தால் அந்தத் தண்ணீர் வேண்டாம். மாரி வெள்ளம் வடிந்த பிறகு கிணறுகளுக்குக் குளோரின் போடுவார்கள். அந்தக் கிழமை கிணற்று நீரை நேரே தொட்டிக்குள் ஊற்றினால் மீனின் செவுள் எரிந்து ஒரே நாளில் தொட்டி காலியாகும். குழாய் நீரிலும் குளோரின் உண்டு. வாளியில் பிடித்து, காற்றுக்குமிழி விடும் எயார் கல் போட்டு 24 மணி நேரம் ஓடவிடுங்கள், அல்லது மீன் கடையில் விற்கும் குளோரின் நீக்கி மருந்தைச் சொன்ன அளவில் விடுங்கள்.

புதுத் தொட்டியில் மீன் கழிவைச் சிதைக்கும் பக்டீரியா குடியேற நான்கு முதல் ஆறு கிழமை எடுக்கும். அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியம் காட்டும் வரை மீனை விடாதீர்கள். அதன் பிறகு கிழமைக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றினால் போதும்.

மீன் தெரிவு

மூன்று நான்கு சென்ரிமீற்றர் குஞ்சாக எட்டுப் பத்து வாங்குங்கள். அந்த வயதில் ஆண் பெண் பிரிக்க முடியாது. கடைக்காரர் பிரித்துத் தருகிறேன் என்றாலும் நம்பிக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். ஆறேழு மாதத்தில் ஐந்தாறு சென்ரிமீற்றர் வந்ததும் ஆண் தெரியவரும். முதுகுச் செட்டையின் கறுப்புக் கோடு அழுத்தமாகும், வயிற்றுச் செட்டையும் கீழ்ச் செட்டையும் கறுக்கும், ஒரு பொந்தைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விரட்டும். ஒரு ஆணுக்கு மூன்று நான்கு பெண் என்ற கணக்கில் நிறுத்தி, மிச்ச ஆண்களை வேறாக்குங்கள். பெண் ஒன்றிரண்டே இருந்தால் ஆண் அதையே ஓயாமல் துரத்தும். துரத்தப்படும் பெண் வாயில் முட்டையைத் தக்கவைக்காது.

தீனி ஸ்பிருலினா என்ற நீர்ப்பாசி கலந்த சிறு பெல்லட், ஒரு நாளைக்கு இரண்டு வேளை, ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. மாட்டிறைச்சி, மாட்டு இதயம், டியூபிபெக்ஸ் புழு எதுவும் வேண்டாம். மலாவி மீனின் குடலுக்கு அவை ஒத்துவராமல் வயிறு வீங்கும். அந்த வீக்கம் வந்த மீன் பிழைப்பது அரிது.

முட்டை எடுத்ததை அறிவது எப்படி

ஆண் கல்லோரம் குழி பறித்து, பெண்ணின் முன் உடம்பை நடுக்கிக் காட்டும். இரண்டும் வட்டமாகச் சுற்றும். பெண் ஒன்றிரண்டு முட்டை இட்டு, உடனே திரும்பி வாயில் எடுக்கும். பிறகு ஆணின் அடிச்செட்டையருகே வாயைக் கொண்டுபோகும். அங்கே வெளிவரும் விந்து வாய்க்குள் போய் முட்டை கருக்கட்டும். மலாவி மீன்கள் பலவற்றின் ஆணுக்கு அந்தச் செட்டையில் முட்டை போன்ற மஞ்சள் பொட்டுகள் இருக்கும். யெலோவில் அது அவ்வளவாகத் தெரியாது.

இதைப் பெரும்பாலும் நீங்கள் காண மாட்டீர்கள். அடுத்த வேளைத் தீனிக்குத்தான் விளங்கும். எல்லா மீனும் பாய்ந்து வர, ஒன்று மட்டும் பின்னால் நிற்கும். தாடையின் கீழ்ப்பகுதி பை போல் தொங்கும், வாய் முழுதாக மூடாது, எதையோ மெல்வது போல அசையும். அது தின்பதல்ல. முட்டைகளைப் புரட்டி அவற்றுக்கு ஒட்சிசன் கிடைக்கச் செய்வது.

அன்றைக்கே நாட்காட்டியில் குறியுங்கள். அது முதலாம் நாள்.

நாள் கணக்கு

27 பாகை வெப்பத்தில் ஐந்தாறு நாளில் முட்டை வாய்க்குள் பொரிக்கும். குஞ்சின் வயிற்றில் மஞ்சட்கருப் பை பெரிதாக இருக்கும். மூன்றாம் கிழமை முடிய அது கரைந்து, 21க்கும் 28க்கும் இடையில் தாய் குஞ்சுகளை வெளியே விடும். மாரியில் தொட்டி 24 பாகைக்கு இறங்கினால் நாள் நீளும், கோடையில் குறுகும்.

முதல் இரண்டு கிழமை தாயைத் தொடவே கூடாது. கல்லைக் கிளறாதீர்கள், தொட்டிக்குப் புது மீன் விடாதீர்கள், கண்ணாடியில் தட்டாதீர்கள். அச்சப்பட்ட பெண் முட்டையை விழுங்கும். முதன்முறை முட்டை எடுத்த பெண் எந்தக் காரணமுமின்றி மூன்று நான்கு நாளில் விழுங்கிவிடுவதும் வழமைதான். ஐந்தாறு கிழமையில் மறுபடி எடுக்கும். இரண்டாவது மூன்றாவது முறையில் தானாகப் பழகும். மூன்றாம் நாளே ‘பாதுகாப்பாக வைப்போம்’ என்று வலை போடுவதுதான் தொடங்குகிறவர்கள் அதிகம் குஞ்சு இழக்கும் இடம்.

பதினெட்டாம் நாள் தாயை மாற்றுங்கள். அதற்குள் 40 லீற்றர் குஞ்சுத் தொட்டி ஒன்று தயாராக இருக்க வேண்டும். அடியில் மணல் வேண்டாம், ஒரு துண்டு இரண்டங்குல பி.வி.சி. குழாய் மறைவுக்கு, ஒரு ஸ்பொஞ்ச் பில்டர். அந்தப் பில்டர் பெரிய தொட்டியில் ஒரு மாதமாவது ஓடியதாக இருக்கட்டும். கடையில் வாங்கிய அன்றே போட்ட புது ஸ்பொஞ்சில் பக்டீரியா இல்லை, ஒரு கிழமையில் அமோனியா ஏறிக் குஞ்சு முழுதும் போகும். தண்ணீரும் பெரிய தொட்டியிலிருந்தே எடுங்கள்.

பிடிப்பது இரவில். விளக்கை அணைத்து இரண்டு மணி நேரம் கழித்து டோர்ச் அடித்தால் மீன் தூக்கக் கலக்கத்தில் மெல்ல அசையும். கல்லுக்குள் போய்விட்டால் துரத்தாதீர்கள். தண்ணீரைப் பாதியாக இறக்கிக் கல்லை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுப் பிடியுங்கள். வலையால் வாய் அகன்ற ஒரு பிளாஸ்டிக் போத்தலின் வாய்ப்பக்கம் ஓட்டி, போத்தலோடு தண்ணீருக்குள்ளேயே அள்ளுங்கள். பயத்தில் குஞ்சைத் துப்பினாலும் அது போத்தலுக்குள் இருக்கும்.

வாயைத் திறந்து குஞ்சு எடுக்கும் முறையும் உண்டு. 21ஆம் நாளுக்கு முன் வேண்டவே வேண்டாம். ஈரக் கையால் தாயைப் பிடித்து, தலை கீழாக, தொட்டித் தண்ணீர் நிரப்பிய பாத்திரத்துக்கு மேல் வைத்து, பஞ்சு சுற்றிய குச்சியால் கீழ்த் தாடையை மெதுவாக இறக்கினால் குஞ்சு விழும். பத்து விநாடிக்கு மேல் தண்ணீருக்கு வெளியே வைக்காதீர்கள். தாடை முறிந்த தாய் பிறகு தின்னவே மாட்டாது. முதல் இரண்டு மூன்று தடவையாவது தாயே விடும் வரை காத்திருப்பது நல்லது.

தாய் விட்ட பிறகு

ஒரு முறைக்குப் பத்து முதல் இருபத்தைந்து குஞ்சு வரும், இளம் தாயென்றால் ஐந்தாறுதான். ஒவ்வொன்றும் ஒரு சென்ரிமீற்றர் அளவு இருக்கும். சில தாய் முதல் நாள் ஆபத்தென்று கண்டால் குஞ்சை மறுபடி வாயில் எடுக்கும். ஆனால் மூன்று கிழமைப் பட்டினி கிடந்த மீன் அது. அடுத்த நாளே தாயை வேறாக்குங்கள். நேரே பெரிய தொட்டிக்கு விட்டால் மெலிந்த உடம்போடு ஆணிடம் அடி வாங்கும். பில்டர் போட்ட வேறொரு தொட்டியில் ஐந்து நாள் வைத்து, சிறிது சிறிதாகத் தீனி கொடுத்துத் தேற்றுங்கள். திருப்பி விடும் அன்று பெரிய தொட்டியில் கல் அடுக்கை மாற்றுங்கள். எல்லா மீனும் புதிதாக இடம் பிடிக்கும் குழப்பத்தில் தாயை மட்டும் குறிவைத்து விரட்டாது.

குஞ்சின் தீனிக்கு அதே பெல்லட்டை விரலால் பொடித்துச் சல்லடையில் அரித்தால் போதும், ஒரு நாளைக்கு நான்கு வேளை. ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றிறாலின் குஞ்சைக் கொடுத்தால் வளர்ச்சி வடிவாகத் தெரியும். ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலின் அடியை வெட்டித் தலைகீழாக நிறுத்தி, ஒரு லீற்றர் தண்ணீரில் 25 கிராம் உப்புக் கரைத்து, கால் தேக்கரண்டி ஆர்ட்டீமியா முட்டையைப் போடுங்கள். எயார் பம்ப் பலமாக அடிக்க, மேலே விளக்கு எரிய, நமது வெப்பத்தில் 24 மணி நேரத்தில் பொரிக்கும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் ஓடு மேலே மிதக்கும், செம்மஞ்சள் குஞ்சுகள் அடியில் சேரும். அவற்றைச் சன்னமான துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசிக் கொடுங்கள். ஓடு குஞ்சுத் தொட்டிக்குள் போகக் கூடாது, குடலில் அடைக்கும்.

குஞ்சு சாகும் காரணங்களில் பட்டினி கடைசி. கூடுதல் தீனிதான் முதல். தீனி போட்டுப் பத்து நிமிடத்தில் அடியில் மிச்சம் தெரிந்தால் அடுத்த வேளையைப் பாதியாக்குங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை நான்கில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள். எயார் குழாயால் அடியழுக்கை உறிஞ்சும்போது வெள்ளை வாளிக்குள் விடுங்கள். தவறி வந்த குஞ்சு அதில் கண்ணில் படும்.

குஞ்சுக்கு வேறு தொட்டி இல்லையென்றால் தாய் பெரிய தொட்டியிலேயே விடட்டும். விரல் நுழையாத கல் இடுக்கு நிறைய இருந்தால் இரண்டு மூன்றாவது தப்பி வளரும்.

கச்சான் காற்று, மின்வெட்டு, நுளம்புப் புகை

கச்சான் காற்று வீசும் மாதங்களில் மூடிய அறையில் தொட்டி 31, 32 பாகைக்கு ஏறும். சூடான தண்ணீரில் ஒட்சிசன் நிற்காது. வாய் நிறையக் குஞ்சோடு இருக்கும் தாய்தான் முதலில் திணறும். தொட்டி மூடியை எடுத்து வலை போட்டு, மின்விசிறியை நீர்மட்டத்தின் மேல் படும்படி திருப்புங்கள். இரண்டு மூன்று பாகை இறங்கும். ஆவியாகிக் குறையும் தண்ணீரை நாளாந்தம் நிரப்புங்கள். ஐஸ்கட்டியைக் கொட்ட வேண்டாம், திடீர்க் குளிர் இன்னும் கெடுதி.

மின்வெட்டுக்கு பற்றரியில் ஓடும் எயார் பம்ப் ஒன்று வாங்கி வைப்பது, விலைகூடிய விளக்கு வாங்குவதைவிட முக்கியம். இல்லாதபோது ஒரு கோப்பையால் தண்ணீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருங்கள், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை.

டெங்குக்குப் புகையடிக்க வரும் நாளில் எயார் பம்பை நிறுத்தித் தொட்டியை ஈரத் துணியால் மூடுங்கள். அந்த மருந்து மீனுக்கு மிகச் சிறிய அளவிலும் நஞ்சு. எயார் பம்ப் அறைக் காற்றை இழுத்து நேரே தண்ணீருக்குள் கலந்துவிடும். புகை அடங்க அறையைத் திறந்து காற்றாட விட்டு, அதன் பிறகு பம்பைப் போடுங்கள். நுளம்புத் திரியையும் தொட்டி இருக்கும் அறையில் கொளுத்தாதீர்கள்.

குஞ்சைக் கொடுக்கும்போது

இரண்டு மாதத்தில் குஞ்சு இரண்டு சென்ரிமீற்றர் தாண்டும். மூன்று மாதத்தில் கடைக்குக் கொடுக்கலாம். 40 லீற்றரில் இருபதுக்கு மேல் நெருக்கினால் வளர்ச்சி நின்றுவிடும், முன்கூட்டியே பெரிய தொட்டிக்கு மாற்றுங்கள். மிஞ்சியவற்றை வாவியிலோ குளத்திலோ விட வேண்டாம். முற்றத்துச் சீமெந்துத் தொட்டியில் வளர்ப்பவர்கள் மாரிக்கு முன் வலை கட்டி, நிரம்பும் குழாயின் வாயையும் வலையால் மூடுங்கள். வெள்ளத்தோடு மீன் வெளியேறாது, மீன்கொத்தியும் உள்ளே வராது.

களுவாஞ்சிக்குடியிலிருந்து கல்முனைக்கு பஸ்ஸில் கொண்டுபோவதென்றால் முதல் நாளே தீனியை நிறுத்துங்கள். பையில் ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு காற்று. இரட்டைப் பை போட்டு, கடதாசிப் பெட்டிக்குள் இருட்டாக வைத்து, வெயில் ஏறுமுன் முதல் பஸ்ஸைப் பிடியுங்கள்.