ஒரே துப்பாக்கி, வீட்டுக்கும் இடுப்புக்கும்

டெக்சஸில் 2021 செப்டம்பரிலிருந்து, 21 வயதாகி சட்டத் தடை எதுவும் இல்லாதவர் உரிமம் இன்றியே பொது இடத்தில் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். அதற்காக, வீட்டுப் பாதுகாப்புக்கும் இடுப்பில் எடுத்துச் செல்லவும் ஒரே துப்பாக்கி தேடுகிறீர்கள் என்றால், கடையில் பார்த்ததும் வாங்கிவிடாதீர்கள். சுடுதளத்தில் வாடகைக்கு எடுத்துச் சுட்டுப் பாருங்கள்.

சிக் பி365 என்ற குட்டிக் கைத்துப்பாக்கி சட்டைக்குள் அழகாக மறையும். ஆனால் துப்பாக்கி சின்னது என்பதால், சுடும்போது உதைப்பு அதிகம். என் மணிக்கட்டு சீக்கிரமே முறையிட்டது. இன்னொரு கைத்துப்பாக்கியான கிளாக் 19 சற்றுத் தடிமன்தான். 9 மில்லிமீட்டர், 15 தோட்டா, பிடி முழுதாகக் கைக்குள் அடங்கும். நான் எடுத்தது அதுதான். அதில் தனி சேஃப்டி லீவர் (டிரிகர் தவறி அழுந்தினாலும் சுடாதபடி கையால் பூட்டும் நெம்பு) கிடையாது. அதனால் டிரிகரை முழுதாக மூடும் கெட்டியான உறை கட்டாயம்.

வாங்கியபின் பயிற்சித் தோட்டாவோடு நிறுத்தாமல், நிஜத்தில் போடப்போகும் ஹாலோ பாயிண்டையும் (முனையில் குழி உள்ள, பட்டதும் விரியும் தோட்டா) சுட்டு, சிக்குகிறதா என்று பாருங்கள். அப்புறம், வீட்டில் குழந்தை இருந்தால் விரைவாகத் திறக்கும் பூட்டுப்பெட்டிக்கும் சேர்த்தே பணம் ஒதுக்குங்கள்.